ஒருமுனை இணைப்பில் மும்முனை லேத்: ரோட்டரி ஃபேஸ் கன்வெர்ட்டர் வீட்டுப் பட்டறைக்குச் சரிவருமா?

கேள்வி — ஆயில்_இன்ஜின்_பிரியன்

அனைவருக்கும் வணக்கம். நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். பழைய ஆயில் இன்ஜின்களை வாங்கி, தேய்ந்த புஷ்களையும் பின்களையும் நானே கடைந்து போட்டு, மறுபடியும் ஓட வைப்பதுதான் என் பொழுது. விற்பனைக்காகச் செய்வதில்லை.

இதற்காகக் கோவை கணபதியில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து நாலரை அடி லேத் ஒன்றையும் பதினெட்டு அங்குல ஷேப்பர் (இரும்பைச் சீவும் இயந்திரம்) ஒன்றையும் வாங்கி வந்து, வீட்டின் பின்புறக் கொட்டகையில் தளம் போட்டு நிறுத்திவிட்டேன். லேத்தில் 3 எச்.பி. மோட்டாரும் சிறிய கூலன்ட் பம்பும் உள்ளன. ஷேப்பரில் 2 எச்.பி. மோட்டார். எல்லாமே மும்முனை. ஆனால் எங்கள் தெருக் கம்பத்தில் இரண்டு கம்பிதான் வருகிறது. மும்முனை இணைப்புக்குக் கேட்டபோது, பிரதான சாலையிலிருந்து கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வேண்டும் என்றும் அதன் செலவை நானே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை லேத்தின் விலையை விட அதிகம்.

சென்ற மாதம் ஒரு கடையில் 'ஃபேஸ் கன்வெர்ட்டர்' என்று ஒரு தகரப் பெட்டியை வாங்கி, என் பழைய பெஞ்ச் கிரைண்டரின் மும்முனை மோட்டாரில் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் உறுமிக்கொண்டே மெதுவாகச் சுற்றியது. வேகம் பிடிக்கவே இல்லை. நான் சுவிட்சை அணைப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கண்டென்சரும் ஒரு ரிலேவும்தான் இருந்தன.

வெளிநாடுகளில் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்கள், சும்மா சுழலும் ஒரு பெரிய மும்முனை மோட்டாரை வைத்தே மூன்றாவது ஃபேஸை உண்டாக்கிக்கொள்கிறார்கள், அதை ரோட்டரி ஃபேஸ் கன்வெர்ட்டர் என்கிறார்கள் என்று படித்தேன். இங்குள்ள 230 வோல்ட் இணைப்பில் அது நடக்குமா? எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும், எவ்வளவு கண்டென்சர் வேண்டும், இன்னொரு மோட்டார் எரியாமல் இருக்க எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 — காயில்_கட்டுபவர்

வணக்கம் ஐயா. மோட்டார் ரீவைண்டிங் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கிரைண்டரைப் போல எரிந்து வரும் மோட்டார்களை மாதந்தோறும் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில், நடக்கும் என்பதுதான். ஆனால் ஃபேஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வோல்ட்டேஜைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

ரோட்டரி கன்வெர்ட்டர் மூன்றாவது ஃபேஸை உண்டாக்குமே தவிர வோல்ட்டேஜை உயர்த்தாது. 230 வோல்ட் கொடுத்தால், மூன்று கம்பிகளில் எந்த இரண்டுக்கு இடையிலும் ஏறத்தாழ 230 வோல்ட்தான் கிடைக்கும். நம் ஊர் மும்முனை மோட்டார்களோ 415 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டவை. டெல்டாவில் (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாகச் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் முழு வோல்ட்டேஜ் விழும் இணைப்பு) 415 வோல்ட்டுக்கு உரிய மோட்டாருக்கு 230 வோல்ட் கொடுத்தால், வோல்ட்டேஜ் பாதியளவுக்குக் குறையும்போது அதன் திருப்புவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உங்கள் கிரைண்டர் வேகம் பிடிக்காமல் உறுமியதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். குறை அந்தப் பெட்டியில் மட்டும் இருந்ததென்று சொல்லிவிட முடியாது.

ஆகவே எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு மோட்டாரின் பெயர்ப் பலகையையும் துடைத்துப் படியுங்கள். பிறகு டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். 2 எச்.பி. வரையுள்ளவை பெரும்பாலும் ஸ்டாரில் (மூன்று வைண்டிங்குகளின் ஒரு முனை ஒரே முடிச்சில் சேரும் இணைப்பு) வரும். 5 எச்.பி.யும் அதற்கு மேலும் டெல்டாவில் வரும். 3 எச்.பி. இரண்டு விதமாகவும் வருவதால் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்டாரில் 415 வோல்ட் என்றால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் விழுவது 240 வோல்ட்தான். அப்படியானால் டெர்மினலில் ஆறு முனைகளும் இருக்கும் மோட்டாரில் பித்தளை லிங்க் பட்டைகளைக் கழற்றி டெல்டாவாக மாற்றிவிட்டால் போதும்; 230 வோல்ட்டில் முழு வலிமையோடு ஓடும். முனைகள் மூன்றுதான் வெளியே வந்திருக்கின்றன என்றால், ஸ்டார் முடிச்சு உள்ளே ஓவர்ஹாங்கில் (சுருள்கள் இரும்புக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி) நூலால் கட்டி வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். பழகிய கை அதைச் சூடாக்கி இளக்கி, முடிச்சைப் பிரித்து, மூன்று புதிய லீடுகளை வெளியே எடுத்துவிடும். அரை நாள் வேலை. பழைய இன்சுலேஷன் நொறுங்கிப்போயிருந்தால் மட்டுமே ரீவைண்டிங் வரை போக வேண்டியிருக்கும்.

டெல்டாவுக்கு மாற்றியதும் மின்னோட்டம் 1.73 மடங்காகும் என்பதை மறந்துவிடாதீர்கள். 415 வோல்ட்டில் 4.8 ஆம்பியர் இழுத்த லேத் மோட்டார் இனி 8.3 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயை அந்த அளவுக்கு உரியதாக மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டருக்குள் காந்தத்தால் இழுபடும் சுவிட்சான கான்டாக்டரின் காயில் 415 வோல்ட்டாக இருந்தால் 230 வோல்ட்டில் அது இழுக்காது, அல்லது இழுத்தும் விட்டும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதையும் 230 வோல்ட் காயிலாக மாற்றுங்கள். லேத் விளக்குக்கு 415 வோல்ட் முதன்மை கொண்ட சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 24 வோல்ட்டுக்குப் பதில் 13 வோல்ட்தான் வரும்.

ஐட்லர், அதாவது சும்மா சுழன்று மூன்றாவது ஃபேஸைத் தரும் மோட்டாரைப் பொறுத்தவரை, ஓட்டப்போகும் மோட்டார்களில் மிகப் பெரியதைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். உங்களுக்கு 5 எச்.பி., நான்கு துருவ மோட்டார் பொருத்தம். அது 415 டெல்டாவாகத்தான் கிடைக்கும் என்பதால் 230 டெல்டாவுக்கு மறுபடி கட்டச் சொல்லுங்கள்; சுற்றுகள் பழைய எண்ணிக்கையில் 55 முதல் 58 சதவீதமாகக் குறையும், கம்பியின் பருமன் அதற்கேற்பக் கூடும். எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கட்டினால் காசு மிச்சம், ஏனென்றால் பழைய செம்புக்கும் விலை உண்டு.

ரீவைண்டிங் வேண்டாம் என்றால் இன்னொரு வழி, 230-லிருந்து 415 வோல்ட்டுக்கு உயர்த்தும் ஒருமுனை டிரான்ஸ்ஃபார்மரை முன்னால் வைப்பது. அப்போது எல்லா மோட்டார்களும் ஸ்டார்ட்டர்களும் இருந்தபடியே ஓடும். ஆனால் 5 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் விலையும் எடையும் கணிசமானவை. உள்ளீட்டுச் சுருளும் வெளியீட்டுச் சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதன் வெளியீட்டை எந்த இடத்தில் எர்த் செய்வது என்பதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். உங்களுடையவை சிறிய மோட்டார்கள் என்பதால் நான் டெல்டா வழியைத்தான் சொல்வேன்.

பதில் 2 — லோகோஷெட்_ஓய்வு

நான் மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவன். நீங்கள் கேட்கும் ரோட்டரி கன்வெர்ட்டர் நம் நாட்டுக்குப் புதியதன்று. பல்லாண்டுகளாக ரயில் இன்ஜின்களுக்குள் அது ஓடியிருக்கிறது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம்தான் உண்டு. ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் குளிர்விப்பு ப்ளோயர்களும் கம்ப்ரஸர்களும் ஆயில் பம்புகளும் மும்முனை மோட்டார்கள். டபிள்யூ.ஏ.எம்.-4, டபிள்யூ.ஏ.ஜி.-5 போன்ற இன்ஜின்களில், டிரான்ஸ்ஃபார்மரின் துணை வைண்டிங்கிலிருந்து வரும் 380 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கியது ஆர்னோ கன்வெர்ட்டர் என்னும் சுழலும் இயந்திரம். அதன் தத்துவம் உங்கள் ஐட்லருடையதேதான்: எந்தச் சுமையையும் இழுக்காமல் சுழலும் மோட்டார், தன் மூன்றாவது வைண்டிங்கில் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தருகிறது. பின்னாட்களில் அதன் இடத்தை ஸ்டேடிக் கன்வெர்ட்டர்கள் பிடித்துக்கொண்டன.

அதில் நான் கற்ற ஒன்று உங்களுக்குப் பயன்படும். ஒருமுனை மின்சாரத்தை மட்டும் கொடுத்தால் மும்முனை மோட்டார் தானாகக் கிளம்பாது. நின்ற இடத்தில் உறுமும். ஆர்னோவைக் கிளப்ப மூன்றாவது முனையில் ஒரு தடையைச் சில நொடிகளுக்கு மட்டும் இணைப்பார்கள். மூன்றாவது ஃபேஸின் வோல்ட்டேஜ் எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் க்யூ.சி.வி.ஏ.ஆர். என்னும் ரிலே, போதிய வேகம் வந்ததும் அந்தத் தடையைக் கழற்றிவிடும். லைன் வோல்ட்டேஜ் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கிளப்ப முயன்று, வேகமும் பிடிக்காமல் தடையும் விலகாமல் வைண்டிங் எரிந்த ஆர்னோக்களை ஷெட்டில் நான் பார்த்திருக்கிறேன். மாலை நேரத்தில் உங்கள் ஊரில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்குமென்றால் அந்த நேரத்தில் ஐட்லரைக் கிளப்பாதீர்கள்.

வீட்டில் தடைக்குப் பதில் ஸ்டார்ட்டிங் கண்டென்சரைப் பயன்படுத்தலாம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 70 மைக்ரோஃபாரட் என்பது பொதுக்கணக்கு. அதன்படி 5 எச்.பி. ஐட்லருக்கு 250 முதல் 300 மைக்ரோஃபாரட் வரை ஆகும். அழுத்திப் பிடித்தால் மட்டும் இணையும் புஷ் பட்டன் வழியாக இதைக் கொடுத்து, வேகம் வந்ததும் விட்டுவிடுங்கள். ஆனால் நேரடியாகக் கிளப்பும்போது அந்த மோட்டார் ஒரு கணம் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு விளக்கெல்லாம் மங்கும், அக்கம்பக்கத்து வீடுகளிலும் தெரியும். அதனால் நான் விரும்புவது வேறொரு வழி. அரை எச்.பி. ஒருமுனை மோட்டார் ஒன்றை பெல்ட் மூலம் ஐட்லரின் புல்லியோடு இணைத்து, முதலில் அதைக் கொண்டு ஐட்லரை முழு வேகத்துக்குச் சுழற்றிவிட்டு, பிறகு ஐட்லருக்கு மின்சாரம் கொடுங்கள். வேகத்தில் இருப்பதால் அது அதிர்ச்சியின்றிச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்ததும் சின்ன மோட்டாரை அணைத்துவிடலாம். பெல்ட்டுக்கு அவசியம் மூடி போடுங்கள்.

இன்ஜினில் ஆர்னோ ஓடி நிலைத்த பிறகுதான் ஒவ்வொரு துணை மோட்டாராகச் சேர்ப்போம். நீங்களும் அப்படியே முதலில் ஐட்லர், அடுத்து லேத், பிறகு ஷேப்பர் என்று சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மும்முனை மோட்டாரும் தானும் ஒரு ஐட்லரைப் போல மூன்றாவது ஃபேஸைத் தாங்கிக்கொடுக்கும் என்பதால், பெரியது ஓடும்போது சின்னது எளிதாகக் கிளம்பும்.

பதில் 3 — பேனல்_வயரிங்

மேலே இருவரும் சொன்னவற்றோடு நான் முழுதும் உடன்படுகிறேன். ஆனாலும் லேத் ஒன்று மட்டும் என்றால் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) வாங்கச் சொல்லியிருப்பேன். 230 வோல்ட் ஒருமுனை உள்ளீட்டில் 230 வோல்ட் மும்முனை தரும் டிரைவ்கள் 2.2 கிலோவாட் வரை, அதாவது 3 எச்.பி. வரை, எளிதாகக் கிடைக்கின்றன. மென்மையாகக் கிளம்பும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். உங்களிடம் லேத், கூலன்ட் பம்ப், ஷேப்பர் என்று மூன்று மோட்டார்கள் இருப்பதாலும், நாளை ஒரு டிரில்லிங் மெஷினும் வந்து சேரும் என்பதாலும், ஒரே ஐட்லரில் எல்லாம் ஓடுவது உங்களுக்குப் பொருந்தும். டிரைவ் என்றால் மோட்டாருக்கு ஒன்று வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் லேத்தின் பழைய டிரம் சுவிட்சை (முன்னோட்டம், பின்னோட்டம் மாற்றும் கைச் சுவிட்ச்) விட்டுவைத்து, ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவ் போய்விடும்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமானதாக நான் கருதுவது. உங்கள் ஒருமுனை இணைப்பில் ஒரு கம்பி ஃபேஸ், மற்றொன்று நியூட்ரல். கன்வெர்ட்டருக்குப் பிறகு அந்த நியூட்ரலும் மூன்று கம்பிகளில் ஒன்றாகி மோட்டாருக்குள் போகிறது. ஆகவே அதை நியூட்ரலாக எண்ணி எந்த உடம்பிலும் தொடுத்துவிடக் கூடாது. லேத், ஷேப்பர், ஐட்லர் ஆகிய மூன்றின் உடம்பும் தனி எர்த் கம்பியால் எர்த் குழிக்குப் போக வேண்டும். ஸ்டார்ட்டர்கள் மூன்று கம்பிகளையும் துண்டிக்க வேண்டும். உள்ளே வரும் இடத்தில் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் இரட்டைத் துருவ எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். லேத் முழுச் சுமையில் ஓடும்போது ஐட்லரின் இழப்பையும் சேர்த்து 15 ஆம்பியர் அளவு வரும் என்பதால், மீட்டரிலிருந்து கொட்டகைக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுப்பது நல்லது.

உண்டாக்கப்பட்ட மூன்றாவது கம்பிக்கு வேறு நிறம் கொடுத்துத் தனியாக அடையாளம் வையுங்கள். அதன் வோல்ட்டேஜ் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். கான்டாக்டர் காயில், விளக்கு டிரான்ஸ்ஃபார்மர் முதலியவற்றை அதில் சேர்க்காமல், நேரடியாக வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையில் மட்டுமே கொடுங்கள். பழைய பேனலில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இருந்தால், இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அது அடிக்கடி ட்ரிப் ஆகும்.

அடுத்து சமன்படுத்துதல். ஐட்லர் மட்டும் ஓடும்போது மூன்றாவது கம்பியின் வோல்ட்டேஜ் மற்றதை விடக் குறைவாகவே இருக்கும். அந்தக் கம்பிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தனித்தனியாக ரன்னிங் கண்டென்சர்கள் போட்டு அதை உயர்த்த வேண்டும். சப்மெர்சிபிள் பேனல்களுக்கு விற்கும் 36, 50, 72 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டென்சர்கள் இதற்குப் போதும். ஸ்டார்ட்டிங் கண்டென்சரைத் தொடர்ந்து ஓட விட்டால் வெடித்துவிடும் என்பதால் அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. கண்டென்சர்களின் குறுக்கே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அவசியம். சுவிட்சை அணைத்த பின்னும் அவை ஷாக் அடிக்கும். அளவை வெறும் ஓட்டத்தில் முடிவு செய்யாதீர்கள், நீங்கள் வழக்கமாக வெட்டும் ஆழத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்போது டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வோல்ட்டேஜ் சமனின்மை 3.5 சதவீதம் இருந்தாலே மோட்டாரின் வெப்பம் கால் பங்கு கூடும் என்பது அனுபவக் கணக்கு.

ஷேப்பரும் லேத்தும் உங்கள் சொந்தப் பொழுதுபோக்குக்காக இருக்கும்வரை பரவாயில்லை. கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால், வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடாகிவிடும். இரண்டு மடங்கு கட்டணம் கேட்பார்கள். இப்போதுங்கூட, அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மறுமொழி — ஆயில்_இன்ஜின்_பிரியன்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

லேத் மோட்டாரின் பெயர்ப் பலகையில் 415 வோல்ட், ஸ்டார், 4.8 ஆம்பியர் என்று இருந்தது. டெர்மினலில் மூன்று முனைகள்தான். எங்கள் ஊர் வைண்டிங் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளாக எடுத்துக் கொடுத்தார்கள். ஷேப்பரில் ஆறு முனையும் இருந்ததால் லிங்க் பட்டைகளை நானே மாற்றினேன். எரிந்துபோன 5 எச்.பி. மோட்டார் ஒன்றை 230 டெல்டாவுக்குக் கட்டி, பழைய அரை எச்.பி. ஒருமுனை மோட்டார் ஒன்றைப் பெல்ட்டில் சேர்த்துவிட்டேன். மின்சுமையை உயர்த்த மனுவும் கொடுத்தாயிற்று. வயரிங்கை உரிமம் பெற்ற ஒருவரை வைத்துச் செய்ததால் நிம்மதியாக இருக்கிறது.

கண்டென்சர் இல்லாமல் ஐட்லர் ஓடியபோது நேரடிக் கம்பிகளுக்கு இடையே 228, மூன்றாவது கம்பியோடு 214, 207 வோல்ட் காட்டியது. 50, 36 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களைப் போட்ட பிறகு வெறும் ஓட்டத்தில் 228, 236, 231. இரும்புத் தண்டில் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வைத்து வெட்டும்போது 225, 222, 218. லேத் மோட்டாரின் மின்னோட்டம் 6.9, 6.4, 6.1 ஆம்பியர். ஒரு மணி நேரம் தொடர்ந்து வெட்டிய பின்னும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடிந்தது.

ஒரே ஒரு சந்தேகம். லேத்தை முன்னோட்டத்திலிருந்து நேராகப் பின்னோட்டத்துக்குத் தள்ளினால் ஐட்லர் தடுமாறி முனகுகிறது, கொட்டகை விளக்கும் மங்குகிறது. மரை வெட்டும்போது இப்படித் திருப்புவது என் பழக்கம்.

பதில் 4 — லோகோஷெட்_ஓய்வு

சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரை எதிர்த்திசைக்குத் தள்ளும்போது அது கிளம்பும்போது இழுப்பதை விடவும் அதிகமாக இழுக்கும். அந்தச் சுமை உங்கள் ஐட்லரின் மூன்றாவது கம்பியிலும் விழுகிறது. ஐட்லரின் முனகல் அதனால்தான். ஸ்பிண்டில் முழுவதும் நின்ற பிறகே திருப்புங்கள். மரை வெட்டும்போது அது சிரமமாக இருந்தால், ஃபார்வர்டுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் மூன்று நொடி டைமர் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் லேத்தில் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பிடி) மரை போட்டு ஏற்றியதாக இருந்தால் இது இன்னும் அவசியம். திடீரென்று திருப்பும்போது அது கழன்று வரும்.